பொம்பெயியில் கீழே பார்த்து நடங்கள்

கேள்வி இதுதான்: "மே மாதம் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். ரோமில் நான்கு நாள் இருப்போம். அதில் ஒரு நாள் காலையில் கிளம்பி பொம்பெயி, வெசூவியஸ் எரிமலை இரண்டையும் பார்த்துவிட்டு ராத்திரி ரோமுக்குத் திரும்ப முடியுமா? போய் வந்த சிலர், வெறும் இடிந்த சுவர்தான், இரண்டு மணி நேரம் போதும் என்கிறார்கள். கூட வரும் அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு. அவரால் நடக்க முடியுமா?"

பொதுயுகம் 79இல் வெசூவியஸ் வெடித்தபோது புதைந்துபோன ரோமானிய ஊர் பொம்பெயி. அங்கே கட்டாயம் போங்கள். ரோமிலிருந்து ஒரே நாளில் போய் வருவதும், அதில் எரிமலையையும் சேர்ப்பதும் வேண்டாம். ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி பத்து நிமிடம்தான். ஆனால் அங்கே இறங்கி, ரயில் மாறி, பொம்பெயி வாசலில் வரிசையில் நின்று உள்ளே போகும்போது பதினொரு மணி ஆகிவிடும். வெயில் ஏறும் நேரம் அது. ரோமிலிருந்து வரும் பேருந்துக் கூட்டம் முழுக்க உள்ளே நுழைவதும் அப்போதுதான். முதல் தடவை நான் இப்படித்தான் போனேன், ஒரு சுற்றுலா நிறுவனத்தின் ஒருநாள் பயணத்தில். கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு வெளியே வந்தபோது என் மனதிலும் இடிந்த சுவர்கள்தான் இருந்தன. அதன் பிறகு இரண்டு முறை நேப்பிள்ஸில் தங்கி நிதானமாகப் பார்த்தேன். அப்போதுதான் அந்த ஊர் எனக்குப் பிடிபட்டது.

ஆகவே நான்கு நாளில் இரண்டு இரவை நேப்பிள்ஸுக்கு ஒதுக்குங்கள். போய் இறங்கிய அன்று மதியம் நேப்பிள்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகம். மறுநாள் முழுக்க பொம்பெயி. மூன்றாம் நாள் காலையில், அதே வெடிப்பில் புதைந்த இன்னொரு ஊரான ஹெர்குலேனியம், மதியத்துக்கு மேல் ரோமுக்கு ரயில். ரோமில் இரண்டு நாள் குறைகிறதே என்று தோன்றும். ஆனால் ரோமில் மன்றங்களையும் கோயில்களையும் தூண்களையும்தான் அதிகம் பார்ப்போம். ஒரு சாதாரண ரோமானியர் எங்கே தண்ணீர் பிடித்தார், எந்தக் கடையில் சாப்பிட்டார், எந்த வாசற்படியில் கால் வைத்து வீட்டுக்குள் போனார் என்பதை ரோமில் இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடியாது.

அருங்காட்சியகத்தை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'வெறும் சுவர்' என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஹெர்குலேனியத்தில் 1738இலும் பொம்பெயியில் 1748இலும் தோண்டத் தொடங்கியபோது, அன்றைய நேப்பிள்ஸ் அரசருக்கு வேண்டியிருந்தது அரண்மனையை அலங்கரிக்கும் பொருள்கள். நல்ல ஓவியங்களைச் சுவரோடு அறுத்தெடுத்தார்கள், சிலைகளைத் தூக்கிப் போனார்கள், தரைச் சித்திரங்களைப் பெயர்த்தார்கள். அவையெல்லாம் இன்று இருப்பது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில். வீடு ஓரிடம், வீட்டுச் சாமான் இன்னோரிடம் என்று இருக்கிறது நிலைமை. சாமான்களை முதல் நாளே பார்த்துவிட்டால், மறுநாள் காலி அறைகளில் நிற்கும்போது மனம் தானாகவே அவற்றை எடுத்து வைத்துக்கொள்ளும். வரிசையை மாற்றினால் இது நடப்பதில்லை. அருங்காட்சியகத்துக்கு செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதை மட்டும் கவனியுங்கள்.

அங்கே எல்லாரும் போய் நிற்பது அலெக்சாண்டரும் பாரசீக அரசர் டேரியஸும் போரிடும் தரைச் சித்திரத்தின் முன்னால். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு கற்களால் ஆனது. ஆனால் என் கால் நின்றுபோனது கருகிய ரொட்டிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டியிடம். வட்ட ரொட்டி, பிட்டுத் தின்ன வசதியாக மேலே எட்டுக் கீறல். கரிக்கட்டையாகி இருக்கிறது, ஆனால் கீறல்கள் இன்றைக்குப் போட்டதுபோல் தெளிவு. ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒரு ரொட்டியில் முத்திரைகூட இருக்கிறது: குவின்டஸ் கிரானியஸ் வேரஸ் என்பவரின் அடிமை கேலருடையது என்று. ஒரு அடிமையின் பெயர் ஒரு ரொட்டியில் இத்தனை காலம் தங்கியிருக்கிறது.

இன்னொரு பொருளை நம்மூர்க்காரர்கள் தேடிப் போய்ப் பார்ப்பார்கள். 1938இல் பொம்பெயியின் ஒரு வீட்டில் கிடைத்த, ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரமுள்ள இந்தியத் தந்தச் சிலை. 'பொம்பெயி லட்சுமி' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆய்வாளர்கள் பலர் இதை ஒரு யட்சி என்றே கருதுகிறார்கள். உச்சந்தலையிலிருந்து கீழாகத் துளை இருப்பதால் மரச்சாமானின் கால் அல்லது கண்ணாடியின் கைப்பிடியாக இருந்திருக்கலாம். அடியில் கரோஷ்டி எழுத்து ஒன்று இருக்கிறது. கரோஷ்டி வடமேற்கு இந்தியாவின் எழுத்து. எனவே இது தமிழகத் துறைமுகம் வழியாகத்தான் போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. சிலை இருப்பது பாலுறவுச் சித்திரங்களும் சிலைகளும் வைத்திருக்கும் 'இரகசிய அறை'யில். குழந்தைகளை அழைத்துப் போவதானால் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

தமிழர்களுக்கு இந்த இடத்தோடு உள்ள உண்மையான தொடர்பு ஒரு மனிதர் வழியாக வருகிறது. அவர் மூத்த பிளினி. வளைகுடாவின் மறுமுனையில் மிசேனம் என்ற இடத்தில் ரோமானியக் கடற்படைக்குத் தலைவராக இருந்தவர், உலகத்துச் செய்திகளை எல்லாம் தொகுத்து ஒரு பெரிய நூல் எழுதியவர். அதில் முசிறித் துறைமுகம் வருகிறது. பாண்டிய மன்னன் வருகிறான், உள்நாட்டில் தொலைவில் அவன் தலைநகர் மதுரை என்ற குறிப்போடு. மிளகின் விலையும் வருகிறது: ஒரு ராத்தல் கருமிளகு நான்கு தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு), வெள்ளை மிளகு ஏழு, திப்பிலி பதினைந்து. காரத்தைத் தவிர ஒன்றுமில்லாத ஒரு பொருளுக்காக இந்தியா வரை போகிறோமே என்று குறைப்படுகிறார். ஆண்டுதோறும் இந்தியா ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசை இழுத்துக்கொள்கிறது என்று கணக்கும் தருகிறார். யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் என்று நம் அகநானூற்றில் முசிறியைப் பற்றி வருகிறதல்லவா, அதே வணிகத்துக்கு மறுகரையில் எழுதிய கணக்கு அது. மதுரையைப் பற்றி எழுதிய அந்தப் பிளினி, பொதுயுகம் 79இல் இதே எரிமலை வெடித்தபோதுதான் இறந்தார். அப்போது அவருக்கு வயது 55.

அவர் எப்படி இறந்தார் என்பதை அவருடைய சகோதரி மகன், அன்று பதினேழு வயதுப் பையன், பிற்பாடு வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய இரண்டு கடிதங்களில் சொல்லியிருக்கிறார். இந்த வெடிப்பை நேரில் பார்த்து எழுதியதாக நமக்குக் கிடைத்திருப்பது அவை மட்டும்தான். நடுப்பகலுக்குப் பிறகு மலைமேல் ஒரு மேகம் எழுந்தது. அடிமரம்போல் நேராக ஏறி, உச்சியில் கிளைவிட்டுப் பரந்தது. குடைபோல் விரியும் இத்தாலிய ஊசியிலை மரம்போல இருந்ததாக எழுதுகிறார். மூத்த பிளினி முதலில் அதை அருகில் போய் ஆராயத்தான் கிளம்பினார். வாசலில் உதவி கேட்டு ஒரு பெண்ணின் கடிதம் வந்தது. ஆராயப் போனவர் மீட்கப் போனார், பெரிய போர்க்கப்பல்களைக் கொண்டுவரச் சொல்லி. அங்கே கரைசேர முடியாமல், ஸ்டாபியா என்ற இன்னொரு கரையூரில் இறங்கினார். மேலிருந்து கல் விழுந்ததால் தலையில் தலையணையைக் கட்டிக்கொண்டு எல்லாரும் கடற்கரைக்குப் போனார்கள். அங்கேயே விழுந்து இறந்தார்.

எரிமலைக் குழம்பு ஓடிவந்து பொம்பெயியை மூடியது என்று பலர் நினைக்கிறார்கள். குழம்பு ஊருக்குள் வரவே இல்லை. முதலில் வந்தது நுரைக்கல் மழை. முப்பது கிலோமீட்டர் உயரம் வரை போன புகைத்தூணிலிருந்து, காற்று தென்கிழக்காக வீசியதால் பொம்பெயியின் தலையில் பொழிந்தது. கையில் எடுத்தால் ரஸ்க் அளவுக்குத்தான் கனம். ஆனால் மணிக்கணக்கில் விழுந்து கூரைகள்மேல் குவிந்தபோது உத்திரங்கள் முறிந்தன. அந்த நேரத்தில் கிளம்பியவர்களில் பலர் தப்பியிருக்க வேண்டும். வீட்டுக்குள் ஒதுங்கியவர்கள் கூரை விழுந்து இறந்தார்கள். மறுநாள் காலையில் தூண் சரிந்து, கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த அலைகள் தரையோடு தரையாக வந்தன. மீதமிருந்தவர்களின் உயிரை எடுத்தவை அவைதான். மேற்கே இருந்த ஹெர்குலேனியத்தில் முதல் நாள் கல்மழை பெரிதாக இல்லை. ஆனால் நள்ளிரவுக்குப் பிறகு அந்தக் கொதி அலை முதலில் தாக்கியது அதைத்தான். இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் இரண்டு ஊரும் இன்று ஏன் வேறுவேறாக இருக்கின்றன என்பது புரியும்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய புத்தகங்களில் ஆகஸ்ட் 24 என்று இருக்கும். 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் கிறுக்கிய வரி ஒன்று கிடைத்தது. அதன் தேதி நம் கணக்கில் அக்டோபர் 17. கரி எழுத்து வெகுநாள் தங்காது என்பதால், வெடித்தது அக்டோபர் 24 ஆக இருக்கலாம் என்ற கருத்து இப்போது வலுத்திருக்கிறது.

சரி, பொம்பெயிக்குள் போவோம். சுவருக்குள் இருக்கும் ஊர் 66 ஹெக்டேர், அதாவது 160 ஏக்கருக்கு மேல். அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படாமல் மண்ணுக்கடியில் இருக்கிறது. வரும் தலைமுறை இன்னும் நல்ல கருவிகளோடு தோண்டட்டும் என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். பழுதுபார்ப்புக்காக வீடுகளை மாற்றி மாற்றித் திறந்து மூடுகிறார்கள். ஏதோ ஒரு வீட்டை மட்டும் நம்பிப் போனால் அது பூட்டியிருக்கும். நான்கைந்து மணி நேரத்தில் பத்து இடம் பார்த்தால் தாராளம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: கீழே பார்த்து நடங்கள். பொம்பெயியின் மேல்பகுதி, கூரையும் மாடியும், பெரும்பாலும் அன்றே போய்விட்டது. தரை போகவில்லை.

தெருவில் பதித்திருக்கும் பெரிய கருங்கற்களில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த தடம் இருக்கும். சில இடத்தில் விரல் முழுக்க உள்ளே போகும் ஆழம். தெருவின் குறுக்கே நடைமேடை உயரத்துக்கு மூன்று நான்கு தட்டைக் கற்கள் வரிசையாக இருக்கும். மழைநீரும் சாக்கடையும் ஓடும் தெருவில் கால் நனையாமல் கடப்பதற்கு. சக்கரங்கள் போக அவற்றுக்கிடையே இடைவெளி உண்டு. கடைவாசல்களில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருக்கும். பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக அதில் செருகிக் கடையைப் பூட்டினார்கள். காடியின் ஒரு ஓரத்தில் கதவு சுழன்ற குழி இருக்கும். இதைக் கவனித்துவிட்டால் எது கடை, எது வீடு என்று நீங்களே சொல்லிவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிகள். ஊரில் நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. நான்கு கல் பலகை சேர்த்த தொட்டி, நடுவில் ஒரு முகமோ விலங்கோ செதுக்கிய கல், அதன் வாயில் குழாய். அந்தக் கல்லுக்கு இரண்டு பக்கமும் தொட்டியின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கருங்கல் குழிந்து வழவழவென்று இருக்கும். குனிந்து குடித்தவர்களும் குடத்தைப் பிடித்தவர்களும் தலைமுறை தலைமுறையாக ஒரு கையை ஊன்றிய இடம் அது. என் உள்ளங்கையை அதில் வைத்தபோது சரியாகப் பொருந்தியது. அதற்கு மேல் அன்றைக்கு எனக்கு எந்தக் கோயிலும் வேண்டியிருக்கவில்லை. சில தொட்டிகளில் இன்றும் நல்ல தண்ணீர் வருகிறது, புட்டியில் பிடித்துக்கொள்ளலாம்.

கல்மேடையில் வட்டத் துளைகளோடு தெருவைப் பார்த்து நிற்கும் கடைகள் சாப்பாட்டுக் கடைகள். துளைக்குள் பெரிய மண்தாழி புதைத்திருக்கும். 2020இல் இப்படி ஒரு கடையை முழுதாக வெளியே எடுத்தார்கள். மேடையின் முகப்பில் தலைகீழாகத் தொங்கும் வாத்துகள், ஒரு சேவல், கயிற்றில் கட்டிய நாய் என்று வண்ண ஓவியங்கள். தாழிகளில் வாத்து எலும்பு, ஆடு, பன்றி, மீன், நத்தை என்று சமைத்ததன் மிச்சமும் இருந்தது. ரொட்டிக் கடைகளில் உடுக்கை வடிவத்தில் கரடுமுரடான எரிமலைக்கல் திரிகைகள் நிற்கும். அவற்றைக் கழுதைகளும் அடிமைகளும் சுற்றினார்கள். மோடெஸ்டஸின் கடை என்று சொல்லப்படும் ஒன்றின் அடுப்பில் 81 ரொட்டிகள் கருகிக் கிடந்தன. 2023இல் அறிவித்த இன்னொரு ரொட்டிக்கூடத்தைப் பற்றிப் படித்தபோது என் மனம் கனத்தது. வெளிவாசலே இல்லாமல், கம்பி போட்ட சின்ன ஜன்னல் மட்டும் வைத்து, அடிமைகளையும் கழுதைகளையும் உள்ளே அடைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். கழுதைகள் ஒன்றோடொன்று மோதாமல் சுற்றத் தரைக்கல்லில் குழி வெட்டியிருக்கிறது.

வீடுகளில் வெட்டியஸ் சகோதரர்களின் வீட்டைத் தவறவிடாதீர்கள். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்று வியாபாரத்தில் பணம் பார்த்தவர்கள். இருபது ஆண்டு பழுதுபார்ப்புக்குப் பிறகு 2023 ஜனவரியில் திறந்தார்கள். ஓவியங்களை அறுத்தெடுக்காமல் சுவரிலேயே விட்ட வீடு என்பதால், மற்ற வீடுகள் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இதுதான் அளவுகோல். நுழைந்ததும் வானம் பார்த்த முற்றம், நடுவில் மழைநீர்த் தொட்டி, அதைத் தாண்டித் தூண் சூழ்ந்த தோட்டம். வாசலில் பெரிய ஆண்குறியோடு பிரியாபஸ் தெய்வத்தின் படம் வெளிப்படையாகவே இருக்கும், அம்மாவோடு போகும்போது சொல்லிவிடுங்கள். அலெக்சாண்டர் சித்திரம் கிடைத்த ஃபான் வீடு ஏறக்குறைய 3,000 சதுர மீட்டர். அசல் இருந்த இடத்தில் இப்போது நகலைப் பதித்திருக்கிறார்கள்.

தெருச் சுவர்களில் சிவப்பும் கறுப்புமாகத் தேர்தல் விளம்பரம் எழுதும் வழக்கம் இருந்தது. பழ வியாபாரிகள் அத்தனை பேரும் மார்க்கஸ் ஹொல்கோனியஸ் பிரிஸ்கஸுக்கு ஆதரவு கேட்கிறோம் என்று ஒன்று. இத்தனை பேர் கிறுக்கலையும் தாங்கிக்கொண்டு இந்தச் சுவர் எப்படி இன்னும் விழாமல் நிற்கிறது என்று ஆச்சரியப்பட்டு ஒருவர் அதே சுவரில் எழுதிவைத்துப் போயிருக்கிறார். பெரும்பாலானவை மங்கிவிட்டன. மீதியைக் கண்ணாடி போட்டு மூடியிருப்பார்கள், அந்த இடங்களைத் தேடிப் பாருங்கள்.

மனித உருவங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவை சிலையும் இல்லை, கல்லான உடலும் இல்லை. மெல்லிய சாம்பல் உடலைச் சுற்றி இறுகியது, உடல் மட்கியது, உருவத்தின் வெற்றிடம் மிஞ்சியது. 1863இல் ஜூசெப்பே ஃபியொரெல்லி அந்த வெற்றிடத்துக்குள் சுண்ணச் சாந்தை ஊற்றி ஆறவிட்டு, சுற்றியிருந்த சாம்பலை உடைத்தார். எலும்புகள் இன்னும் அந்தச் சாந்துக்குள்தான் இருக்கின்றன. 'தப்பியோடியவர்களின் தோட்டம்' என்ற இடத்தில் பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பதின்மூன்று பேர் கிடக்கிறார்கள். ஒருவர் முழங்கையை ஊன்றி எழ முயல்வதுபோல் இருக்கிறார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு வாருங்கள். அவர்கள் முன்னால் சிரித்துக்கொண்டு படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கிறது. தங்கக் காப்பு வீடு என்ற இடத்தில் கிடைத்த ஒரு பெரியவரையும் அவர் மடிக் குழந்தையையும் தாயும் பிள்ளையும் என்றே வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 2024இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அந்தப் பெரியவர் ஆண், குழந்தைக்கு இரத்த உறவு இல்லாதவர் என்று காட்டியது. யாருடைய குழந்தையோ, யாரோ தூக்கிக்கொண்டிருக்கிறார்.

இனி அம்மாவின் முழங்கால். பொம்பெயியின் கல் தரைதான் சிக்கல். கற்கள் உருண்டையாகத் தேய்ந்தவை, இடையில் பள்ளம், மழை பெய்தால் வழுக்கும். மரினா வாசல் வழியாக நுழைந்தால் தொடக்கத்திலேயே செங்குத்தான ஏற்றம். ஆகவே அவரை ஆம்பிதியேட்டர் என்ற விளையாட்டரங்கின் பக்கத்து வாசல் வழியாக அழைத்துப் போங்கள். சக்கர நாற்காலியும் போகும்படி சமன்செய்த ஒரு பாதை அங்கிருந்து தொடங்கி ஊருக்குள் மூன்றரை கிலோமீட்டர் போகிறது. முழுதும் போகத் தேவையில்லை. நுழைந்ததும் வரும் ஆம்பிதியேட்டரே பொதுயுகத்துக்கு முன் 70 வாக்கில் கட்டியது, ரோமின் கொலோசியத்துக்கு நூற்றைம்பது ஆண்டு மூத்தது. பொதுயுகம் 59இல் இங்கே பொம்பெயிக்காரர்களும் பக்கத்து நுசேரியா ஊர்க்காரர்களும் வெட்டிக்கொண்டு, பத்து ஆண்டு விளையாட்டுக்குத் தடை விழுந்தது. அந்தக் கலவரத்தை வரைந்த சுவரோவியத்தை முந்தின நாள் அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். அம்மா இங்கேயும் அபோந்தன்சா என்ற பெருந்தெருவிலும் நிதானமாக இரண்டு மணி நேரம் நடக்கட்டும். கைத்தடி, அடி தடித்த காலணி, தொப்பி இருக்கட்டும். உள்ளே நிழல் மிகக் குறைவு.

நேப்பிள்ஸ் கரிபால்டி நிலையத்தின் கீழ்த்தளத்திலிருந்து சொரென்டோ போகும் சிர்க்கும்வெசுவியானா ரயிலில் ஏறி, 'பொம்பெயி ஸ்கவி, வில்லா தெய் மிஸ்தேரி' நிலையத்தில் இறங்க வேண்டும். சுமார் நாற்பது நிமிடம். எதிரிலேயே மரினா வாசல். 'பொம்பெயி' என்று பெயர் வைத்த வேறு நிலையங்களும் இருக்கின்றன, பெயரை முழுதாகப் படித்து இறங்குங்கள். கூட்டம் நெரியும் ரயில், பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டை அதிகாரபூர்வத் தளத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, சீட்டில் அவரவர் பெயர் இருக்கும், அதனால் பாஸ்போர்ட் கையில் வேண்டும். காலை ஒன்பதுக்குத் திறக்கும்போதே வாசலில் இருங்கள். பெரிய பைக்கு உள்ளே அனுமதி இல்லை. வழிகாட்டி வேண்டுமா என்றால், முதல் இரண்டு மணி நேரத்துக்கு அடையாள அட்டை உள்ள ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவரை அனுப்பிவிட்டு நீங்களாக அலையுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், அதனாலேயே அன்றைக்குப் போகாதீர்கள்.

எரிமலை உச்சிக்கு என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் வேண்டாம். பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து சரளை மண்ணில் அரை மணி நேரத்துக்கு மேல் ஏற வேண்டும், அம்மாவால் முடியாது. அதற்கும் சீட்டை இணையத்தில் முன்பே எடுக்க வேண்டும். பொம்பெயியின் மன்றத்தில் நின்று ஜூபிடர் கோயிலுக்குப் பின்னால் பாருங்கள், மலை முழுதாகத் தெரியும். இன்றைய உயரம் 1,281 மீட்டர். 79இல் அந்த மக்களுக்கு அது திராட்சை விளையும் பச்சை மலை. கொடி படர்ந்த மலையும் பக்கத்தில் திராட்சைக் குலையையே உடையாக அணிந்த மதுத் தெய்வம் பாக்கஸும் இருக்கும் ஓவியம் ஒன்று அருங்காட்சியகத்தில் உண்டு. கடைசியாக வெடித்தது 1944 மார்ச்சில். அடிவாரத்தின் ஆபத்துப் பகுதியில் இன்று ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 1841இல் தொடங்கிய கண்காணிப்பு நிலையம் மலையின் ஒவ்வொரு அசைவையும் பதிவுசெய்கிறது.

மூன்றாம் நாள் காலைக்கு ஹெர்குலேனியம். அதே ரயில் தடத்தில் 'எர்க்கொலானோ ஸ்கவி' நிலையம். அங்கிருந்து நேர் இறக்கம், பத்து நிமிட நடை. திரும்பும்போது அது ஏற்றம், அம்மாவுக்கு டாக்ஸி பிடித்துவிடுங்கள். ஊர் சின்னது, இரண்டரை மணி நேரம் போதும். இருபது மீட்டர் தடிமனில் மூடிய கொதிசாம்பல் இங்கே மரத்தை எரித்துத் தீர்க்காமல் கரியாக்கி வைத்திருக்கிறது. மாடி, உத்திரம், கதவு, கட்டில், மரத்தடுப்பு எல்லாம் நிற்கின்றன. அலமாரிப் பலகையில் மது ஜாடிகள் அடுக்கிய கடையும் ஒன்று உண்டு. பொம்பெயியில் நீங்கள் மனதில் கட்டிப் பார்த்த மேல்பகுதி இங்கே கண்முன்னால் இருக்கும். இந்த ஊரின் ஒரு மாளிகையில் கிடைத்த கருகிய பாப்பிரஸ் சுருள்கள் ஏறக்குறைய 1,800. பிரித்தால் பொடியாகிவிடும். அவற்றைப் பிரிக்காமலே எக்ஸ்-கதிர் ஊடுருவலும் கணினியும் கொண்டு படிக்கும் முயற்சியில் 2023இல் முதல் சொல் கிடைத்தது. 'ஊதா நிறம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்.

ஹெர்குலேனியத்தில் வெகுகாலமாக உடல்கள் அதிகம் கிடைக்கவில்லை, மக்கள் தப்பிவிட்டார்கள் என்றே நம்பினார்கள். 1980க்குப் பிறகு பழைய கடற்கரையைத் தோண்டியபோது, படகு நிறுத்தும் வளைவுக் கொட்டில்களில் சுமார் முந்நூறு எலும்புக்கூடுகள் கிடைத்தன. படகுக்காகக் காத்திருந்தவர்கள். கொட்டில்களின் முன்னால் நிற்கும்போது கடல் எங்கே என்று கேட்கத் தோன்றும். எதிரே உயரமாக ஒரு மண்சுவர் எழும்பியிருக்கும். அந்த இரவில் வந்து குவிந்ததுதான் அது. கடல் அதற்கு அப்பால் தள்ளிப் போய்விட்டது. அந்தச் சுவரின் மேலேதான் இன்றைய எர்க்கொலானோவின் வீடுகள் இருக்கின்றன, மாடிகளில் துணி காய்கிறது.